வரிசையில் மூன்றாவது

அத்தியாயம் 11

சிறையின் பார்வையாளர் அறையில் ஒரு மேசை, மூன்று நாற்காலிகள், ஓடாத ஒரு மின்விசிறி. எதிரே உட்கார்ந்திருந்த வேன் ஓட்டுநருக்குக் காவலர்கள் அதற்குள் ‘ரிவர்ஸ்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். கார் நிறுத்துமிடத்தில் ஒரு வாலிபனை இடித்துத் தள்ளிவிட்டு, உயிர் மிச்சம் இருக்குமோ என்ற சந்தேகத்தில் வண்டியைப் பின்னால் எடுத்து இன்னொரு முறை ஏற்றிய புண்ணியவான் அவன். உடைந்து விழுந்த பின்விளக்குத் துண்டு ஒன்று அவனைக் காட்டிக்கொடுத்தது. ஆனால் அனுப்பியது யார் என்று கேட்டால் மட்டும் ஆள் ஊமையாகிவிடுவான். அடித்தும் பார்த்தார்கள். அடித்தவர்களுக்குத்தான் கை வலித்தது.

செத்தவன் ஒரு லிஃப்ட் கம்பெனி முதலாளியின் ஒரே மகன். கொலைகாரனைக் கண்டுபிடிக்க முதலாளி அமர்த்திய துப்பறிவாளர் ஒரு பெண். காவல்துறை வட்டாரத்தில் அவளுக்கு ‘ஊசி’ என்று பெயர். அவள் கேட்கும் கேள்விகளால் வந்த பெயர் அது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த உதவியாளன் தகரம், ஊசியின் கணவனுக்குத் தம்பி. வாய் ஓயாமல் சத்தம் போடுகிறவன் என்பதால் சின்ன வயதிலேயே தகரம் ஆனவன், நாற்பதைத் தாண்டியும் அப்படியே இருந்தான். ஒரு காலத்தில் கடைகளுக்கும் வங்கிகளுக்கும் வெப்சைட் செய்து பிழைத்தவன். ஒரு வங்கியின் பக்கத்தில் ‘உங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது’ என்ற வரி வரும்போதெல்லாம் பலூன் பறக்கும்படி செய்ததில் வேலை போயிற்று. அண்ணி பாவப்பட்டுச் சேர்த்துக்கொண்டாள் என்பது அவன் கதை. வேறு யாரும் இந்தச் சம்பளத்துக்கு வரவில்லை என்பது அண்ணியின் கதை.

இந்த வழக்கில் ஊசிக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு உறுத்தல் இருந்தது. கொன்றவன் யார் என்று முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார். அவர் மனைவியின் தம்பி, கம்பெனியில் கூட்டாளி, அவரையே அத்தான் அத்தான் என்று சுற்றி வந்த மைத்துனன்தான் என்று சூடம் அணைக்காத குறையாகச் சாதித்தார். எப்படித் தெரியும் என்று கேட்டால் பதில் கிடையாது. ஆதாரத்தை நீ கொண்டு வா என்றார். கொண்டு வராவிட்டாலும் அவருக்குக் கவலையில்லை. அன்று சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வரும்போது, என் தம்பிக்கு என் மகன்மேல் தீராத வன்மம் என்று மனைவி தன் வாயாலேயே சொல்ல வேண்டும் என்று வீட்டில் உத்தரவு போட்டிருந்தார். பெற்ற பிள்ளையை வாரிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு, கூடப் பிறந்தவனையும் தூக்குமேடைக்கு அனுப்புகிற வேலை. அந்த மனிதர் மனைவிக்கு வேலை சொல்வதில் என்றைக்குமே தாராளம் என்று தகரத்துக்குப் பட்டது.

ஊசி ரிவர்ஸிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவனைப் பார்த்து உச்சுக் கொட்டினாள்.

“ஆள் மாறிப்போச்சாமே?”

ரிவர்ஸ் நிமிர்ந்தான்.

“அடிக்கச் சொன்னது ஒருத்தரை, நீ அடிச்சது ஒருத்தரை. வெளியில சிரிக்கறாங்க.”

இது சுத்தமான புளுகு என்று தகரத்துக்குத் தெரியும். தன் பங்குக்கு ஒரு கை போட்டான். “சிரிக்கல அண்ணி. பாவப்படறாங்க. கண்ணு தெரியாதவனுக்குப் போய் இந்த வேலையை யாரு குடுத்தான்னு.”

அடிக்கு அசையாதவன் இதற்கு அசைந்தான். தொழில் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே, அது கொலைகாரனுக்கும் உண்டு. “ஆள் மாத்தி அடிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது” என்று ஆரம்பித்தவன் நிறுத்தவில்லை. போனில் பேசியது ஒரு குரல் மட்டும்தான், யார் என்று தெரியாது. பெயர் சொல்லவில்லை, படம் அனுப்பவில்லை, விலாசம் தரவில்லை. அந்த லிஃப்ட் கம்பெனியின் வெப்சைட்டைத் திறந்து பார் என்று மட்டும் சொல்லியிருக்கிறது.

“முதலாளிங்க படமெல்லாம் வரிசையா இருக்கும், எல்லாம் கலர்ல. ஒண்ணே ஒண்ணு மட்டும் கலர் இல்லாம இருக்கும். அந்த முகந்தான் உன் ஆளுன்னாங்க. முந்தின ராத்திரி திறந்து பார்த்தேன், அந்தப் பையன்தான் கறுப்பு வெள்ளையா இருந்தான். சந்தேகம்னா போய்ப் பாருங்க, இப்பவும் அப்படியேதான் இருப்பான்.”

தகரம் கைபேசியில் திறந்து பார்த்தான். நான்கு படங்கள். முதலில் முதலாளி, அடுத்து மகன், அடுத்து மைத்துனர், கடைசியில் தலைமைப் பொறியாளர். மகன் மட்டும் சாம்பல் பூத்துச் சிரித்துக்கொண்டிருந்தான். முதல் நாளே பார்த்த படம்தான். இறந்துபோனவன் ஆயிற்றே, துக்கத்துக்காக நிறத்தை எடுத்திருக்கிறார்கள் என்று தகரம் நினைத்தான், ஊசியும் நினைத்தாள், பார்த்த ஊர் முழுக்க அப்படித்தான் நினைத்தது.

வெளியே வந்ததும் ஊசி தன்மீதே எரிச்சலாக இருந்தாள். “செத்ததால கறுப்பு வெள்ளை ஆகல தம்பி. ஆனதால செத்திருக்கான்.”

அந்த வெப்சைட்டைச் செய்து கொடுத்த பெண், ஒரு செருப்புக் கடைக்கு மேலே சின்ன அறையில் இரண்டு கணினிகளோடு உட்கார்ந்திருந்தாள். தலையை நிமிர்த்தாமலே பதில் சொல்கிற ரகம். படத்தைக் கறுப்பு வெள்ளை ஆக்கியது தான் இல்லை என்றாள். அவன் செத்த மறுநாள் பார்த்தபோது ஏற்கெனவே அப்படி இருந்ததாம். ஆபீஸில் யாரோ செய்திருப்பார்கள் என்று விட்டுவிட்டாளாம். ஆபீஸுக்குத் தகரம் போன் போட்டுக் கேட்டான். வெப்சைட் பொண்ணுதான் செய்திருக்கும் என்று விட்டுவிட்டோம் என்றார்கள் அவர்கள். ஒரு கொலைக் குறி நாள் கணக்கில் பட்டவர்த்தனமாகத் தொங்கியிருக்கிறது, ஆளாளுக்கு அடுத்தவன் செய்த மரியாதை என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

உள்ளே நுழைவதற்குக் கடவுச்சொல் வேண்டுமே என்றான் தகரம். கம்பெனி பெயருக்குப் பின்னால் ஒன்று இரண்டு மூன்று என்றாள் அவள். காவலாளி வரைக்கும் தெரியும். தகரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். மகனின் மூலப் படம் அப்படியே முழு நிறத்தில் பத்திரமாக இருந்தது. பக்கத்தின் தோற்றத்தை மட்டும் தீர்மானிக்கிற ஸ்டைல் ஷீட் என்று தனியாக ஒன்று உண்டு. எழுத்து எவ்வளவு பெரிசு, பின்னணி என்ன நிறம் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதன் அடிமட்டத்தில் யாரோ ஒரே ஒரு வரி புதிதாகச் சேர்த்திருந்தார்கள். கொலைக்கு முந்தின நாள் மத்தியானம்.

“என்ன எழுதியிருக்கு?” என்றாள் ஊசி.

“படங்கள் இருக்கற பெட்டிக்குள்ள மூணாவது பிள்ளையா நிக்கற படத்துக்கு நிறத்தை எடுத்துடுன்னு இருக்கு. பிள்ளைன்னா பதறாதீங்க அண்ணி. பெட்டிக்குள்ள எது இருந்தாலும் அது அந்தப் பெட்டிக்குப் பிள்ளை. இவங்க பேச்சு அப்படி.”

வெப்சைட் பெண் எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். இது எவனோ இன்டர்நெட்டில் தேடிப் படித்துவிட்டு எழுதிய வரி என்றாள். அவள் ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாகப் பெயர் கொடுத்து வைத்திருக்கிறாள். யாரைத் தொட வேண்டுமோ அவர் பெயரைச் சொல்லித் தொட்டால் ஆயிற்று. பெயர் கண்ணுக்கு எதிரே இருக்கும்போது எவனாவது ஒண்ணு, ரெண்டு என்று எண்ணிக்கொண்டிருப்பானா என்று கேட்டாள்.

ஊசிக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. “வெளியாளா இருந்தா பேரைத்தான் எழுதியிருப்பான். கூட உக்காந்து சாப்பிட்ட ஆளுக்குத்தான் பேரை எழுதக் கை கூசும். எண்ணிட்டா அது வெறும் நம்பர்.” சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தவள் சட்டென்று நிறுத்தினாள். “ஆமா, மூணாவதுன்னுதானே இருக்கு? பையன் ரெண்டாவதாயில்ல நிக்கறான்?”

தகரம் எண்ணினான். முதலாளி ஒன்று, மகன் இரண்டு, மைத்துனர் மூன்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினான். இந்தத் தொழிலில் குப்பை கொட்டியவனுக்கு அது உறைக்க இவ்வளவு நேரம் ஆனதில் அவனுக்கே வெட்கமாக இருந்தது. படங்களுக்கு மேலே ‘எங்கள் பலம்’ என்று ஒரு தலைப்பு இருந்தது. அதுவும் அதே பெட்டிக்குள் இருந்தது.

“இந்தத் தலைப்பு எப்ப வந்தது?”

அதே நாள் சாயங்காலம் என்றாள் அவள். சின்ன முதலாளி, அதாவது செத்துப்போன அந்தப் பையன், போன் பண்ணிக் கேட்டானாம். முகமாக மட்டும் இருக்கிறது, மேலே ஒரு வரி போடுங்கள், அப்பா ஊரிலிருந்து வந்து பார்த்தால் சந்தோஷப்படுவார் என்றானாம். அவள் எழுதுகிற திரையில் நிறமெல்லாம் தெரியாது. தலைப்பைச் சேர்த்துவிட்டு, பக்கம் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்காமல் கடையைக் கட்டிவிட்டாள்.

தகரம் எழுந்து நாற்காலியைச் சத்தமில்லாமல் தள்ளி வைத்தான். அது அவனுக்கு அபூர்வம்.

லிஃப்ட் கம்பெனியின் கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்து, மேலே ஏறும்போதுதான் ஊசி மறுபடி கேட்டாள். ஒரு தலைப்பு எப்படி ஒரு ஆளாகும் என்பது அவளுக்கு இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. லிஃப்டுக்குள் பொத்தான் அமுக்குகிற ஆள், ஊசி, தகரம், பின்னால் ஒரு கிழவர். தகரம் உற்சாகமாகிவிட்டான்.

“இதுதான் பெட்டின்னு வைங்க. பொத்தான்காரர் ஒண்ணு, நீங்க ரெண்டு, நான் மூணு. மூணாவது ஆளைக் கொல்லுன்னு ஒருத்தன் எழுதி வச்சிருக்கான். அடுத்த மாடியில ஒருத்தர் ஏறி எல்லாருக்கும் முன்னாடி வந்து நிக்கறார். இப்ப மூணாவது யாரு?”

“நான்.”

“போனது உங்க உயிர். அந்த வரிக்கு உங்க மேல கோபம் ஒண்ணும் கிடையாது, உங்களை அதுக்குத் தெரியவே தெரியாது. எண்ணத் தெரியும், அவ்வளவுதான்.”

அடுத்த மாடியில் கதவு திறந்ததும் பின்னாலிருந்த கிழவர் இறங்கிப் படிக்கட்டைத் தேடிக்கொண்டு போனார்.

“அப்ப நாம ஜெயில்ல சொன்ன புளுகு...” என்றாள் ஊசி.

“புளுகே இல்ல அண்ணி. நிஜமாவே ஆள் மாறிப்போச்சு. எழுதினவன் எழுதி முடிச்சப்ப மூணாவதா இருந்தது மைத்துனர். சாயங்காலம் தலைப்பு மேல வந்து உக்காந்ததும் எல்லாரும் ஒரு இடம் கீழ இறங்கிட்டாங்க. ராத்திரி ரிவர்ஸ் பார்க்கறப்ப மூணாவது அந்தப் பையன்.” சொல்லிவிட்டு அவன் குரலைத் தாழ்த்தினான். “தலைப்பு வைக்கச் சொன்னது அந்தப் பையன்னு மட்டும் அவனைப் பெத்த அந்தம்மாகிட்ட சொல்லிடாதீங்க. எனக்காக.”

“கேக்காத வரைக்கும் சொல்லமாட்டேன்” என்றாள் ஊசி. அவளிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

மைத்துனரைக் கிடங்கில் உட்கார வைத்திருந்தார்கள். போலீஸ் வரும்வரை ஆள் வெளியே போகக் கூடாது என்று முதலாளி வாசலில் காவல் போட்டிருந்தார். இரும்புக் கயிறு சுற்றிய உருளைகளுக்கு நடுவே ஒரு மரப்பெட்டியின்மேல் அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். அத்தானுக்கும் உங்களுக்கும் என்ன தகராறு என்று ஊசி கேட்டாள். அவர் பதிலுக்குப் பக்கத்து உருளையைத் தட்டிக் காட்டினார். பார்க்கப் புத்தம்புதுசாக மின்னியது. உள்ளே பழசு என்றார். தேய்ந்த கயிறுகளைக் கழுவி, எண்ணெய் போட்டு, புதுசு என்று மாட்டுவது அத்தானின் வழக்கம். ஒரு அடுக்குமாடியில் லிஃப்ட் அறுந்து விழுந்து உள்ளே இருந்த ஒரு தாயும் பெண்ணும் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு அவருக்குத் தூக்கம் இல்லை. நான் அதிகாரிகளிடம் சொல்லப் போகிறேன் என்று அத்தானிடம் சொன்னார். வேறு யாரிடமும் சொல்லவில்லை, அக்காவிடம்கூட. அத்தான் தோளில் கை போட்டு, நான் ஊருக்குப் போய்விட்டு வந்துவிடுகிறேன், சேர்ந்தே போய்ச் சொல்வோம் என்றாராம்.

“சாக வேண்டியது நீங்க” என்றாள் ஊசி, ஆறிப்போன காப்பியைக் கீழே ஊற்றுகிற மாதிரி. “வச்ச குறி உங்களுக்கு. தவறிப்போய் அந்தப் பையன்மேல விழுந்துடுச்சு.”

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்தபின் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். தூக்கி வளர்த்த பையன், என் தோளிலேயே கிடந்தவன் என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். வெளியே வந்ததும் தகரம் கோபப்பட்டான். கொஞ்சம் பதமாகச் சொல்லியிருக்கலாமே என்றான். எந்தப் பதத்தில் சொன்னாலும் விஷயம் அதேதானே என்று கேட்டுவிட்டு அவள் நடந்தாள்.

சிக்கல் என்னவென்றால் கையில் ஆதாரம் என்று ஒன்றும் இல்லை. கடவுச்சொல் ஊருக்கே தெரியும். போனில் பேசிய குரலுக்கு முகம் கிடையாது. முதலாளி கொலைக்கு முந்தின நாள் மத்தியானமே வெளியூருக்குக் கிளம்பிப் போய்விட்டார், அங்கே ஒரு புது லிஃப்டைத் திறந்து வைத்து, மாலை போட்டுக்கொண்டு நிற்கிற படம்கூட இருக்கிறது. சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வந்துவிடுவார், அந்தம்மா வாயைத் திறந்தால் தம்பி உள்ளே போய்விடுவார்.

“ஆதாரத்துக்கு எங்க போறது?” என்றான் தகரம்.

“எங்கயும் போக வேண்டாம். முதலாளி வாயிலயே இருக்கு. இவ்வளவு நிச்சயமா மைத்துனன்தான்னு அவருக்கு எப்படித் தெரியும்னு முதல் நாள்லேருந்து எனக்குக் குடைச்சல். இப்ப புரியுது. அதை அவரே சொல்லணும்.”

கூட்ட அறையில் நீள மேசையும் சுவர் முழுக்க ஒரு திரையும் இருந்தன. முதலாளி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அழுது சிவந்த கண்களோடும் அந்த மனிதரிடம் அதிகாரம் குறையவில்லை. மனைவியைத் தன் வலப்பக்கம் உட்கார வைத்திருந்தார். தம்பியைக் கடைசி நாற்காலியில் உட்கார வைத்து, அக்கா அவன் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று நாற்காலியையும் திருப்பிப் போடச் சொல்லியிருந்தார். அந்தம்மா கைக்குட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர், வாக்குமூலத்தை எடுத்துக்கொண்டு சீக்கிரம் கிளம்பினால் போதும் என்ற முகத்தோடு இருந்தார்.

ஊசி ரொம்பப் பணிவாக ஆரம்பித்தாள். அவளுக்குப் பணிவு வந்தால் யாருக்கோ கேடு என்று தகரத்துக்குத் தெரியும். முதலாளி சொன்னதே சரி என்று ஒப்புக்கொண்டாள். வேன்காரன் வாயைத் திறந்துவிட்டான், நிறம் இல்லாத முகத்தை அடி என்பதுதான் அவனுக்கு வந்த உத்தரவு என்றாள். தகரம் திரையில் பக்கத்தைக் காட்டினான். நான்கு முகங்கள் சுவர் முழுக்க விரிந்தன. மகனைப் பார்த்ததும் அந்தம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் வாயைப் பிளந்தார். முதலாளி முகத்தில் மட்டும் ஆச்சரியம் என்று ஒன்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

“இதுல உங்க மைத்துனர் கை இருக்குன்னு தெரியுது சார். ஆனா அவர் என்ன செஞ்சார்னுதான் எனக்குப் புரியல” என்றாள் ஊசி. கணக்குத் தெரியாத பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். “நீங்க சொன்னா எழுதிக்கலாம்.”

முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. மேசையில் ஓங்கி அடித்தார்.

“இதுல புரியறதுக்கு என்ன இருக்கு? தன் படத்துல இருந்ததை எடுத்து என் பிள்ளை படத்துக்கு மாத்தி விட்டுட்டான்.”

ஊசி பணிவைக் கழற்றி வைத்துவிட்டாள்.

“அவர் படத்துல இருந்ததா? அதை நீங்க எப்ப பார்த்தீங்க?”

முதலாளி மேசையிலிருந்து கையை எடுத்தார்.

“மைத்துனர் முகம் நிறம் இல்லாம இருந்தது ஒரே ஒரு மத்தியானம். வேன்காரன் பார்த்ததில்ல, வெப்சைட் பொண்ணு பார்த்ததில்ல, ஆபீஸ்ல ஒருத்தரும் பார்த்ததில்ல. எழுதிட்டு, சரியா விழுந்திருக்கான்னு பார்த்த ஆளுக்கு மட்டும்தான் அது தெரியும்.”

தப்பிக்க அப்போதும் வழி இருந்தது. உளறிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம், வக்கீலைக் கூப்பிடு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த மனிதருக்குத் தன் கழுத்தைவிட மைத்துனன் கழுத்துதான் முக்கியமாக இருந்தது. எழுந்து நின்று, கடைசி நாற்காலியைப் பார்த்துக் கை நீட்டினார்.

“ஆமா, நான்தான் வச்சேன். இவனுக்கு வச்சேன். எனக்குக் குழி தோண்டப் பார்த்தவனுக்கு வச்சேன். எப்படியோ மோப்பம் பிடிச்சு என் பிள்ளை பக்கம் திருப்பி விட்டுட்டான். கொன்னது இவன்தான், எழுதிக்குங்க.”

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். அந்தம்மாவின் கையிலிருந்த கைக்குட்டை நின்றுவிட்டது.

“யாரும் திருப்பல சார்” என்றாள் ஊசி.

தகரம் அந்த ஒற்றை வரியைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினான். எழுதியபடியே இருந்தது. ஒரு புள்ளி மாறவில்லை. மூன்றாவது பிள்ளைக்கு நிறத்தை எடு. முதலாளி அதையே வெறித்துப் பார்த்தார்.

“நீங்க எழுதினது மூணு. இப்பவும் மூணு. எண்ணிப் பாருங்க. பெட்டிக்குள்ள மேலேருந்து, ஒண்ணு விடாம. வாய் விட்டு.”

அவர் எண்ணவில்லை. ஊசி விடவில்லை. எண்ணுங்க சார் என்று இன்னொரு தரம் சொன்னாள். முதலாளி உதட்டை நனைத்துக்கொண்டு, தலைப்பு ஒண்ணு என்றார். நான் ரெண்டு என்றார். அடுத்த முகத்தில் நின்றுவிட்டார்.

ஊசி தகரத்தைப் பார்த்துத் தலையசைத்தாள். அவனுக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் செய்தான். தலைப்பை எடுத்தான். சுவரில் மகனுக்கு நிறம் வந்தது, நீலச் சட்டையும் சிவந்த கன்னமுமாகப் பையன் பளிச்சென்று சிரித்தான், பக்கத்தில் மைத்துனர் சாம்பலானார். தலைப்பைத் திரும்ப வைத்தான். மைத்துனருக்கு உயிர் வந்தது, பையன் மறுபடி சாம்பலானான். இன்னொரு முறை என்றாள் ஊசி. இன்னொரு முறையும் அந்தப் பிள்ளை தகப்பன் கண்ணெதிரே உயிரோடு வந்துவிட்டுப் போனான். வேண்டாம் அண்ணி, போதும் என்றான் தகரம்.

முதலாளி மெல்ல உட்கார்ந்தார். பிறகு அவருக்கு என்னவோ ஆயிற்று. குற்றத்தை இறக்கி வைக்க ஒரு தோள் கிடைக்காமல் வாழ்நாளில் ஒரு பொழுதும் கழிக்காத மனிதர் அவர்.

“அந்தத் தலைப்பை எவ கொண்டு வந்து வச்சா?” என்று கத்தினார். “அந்த வெப்சைட் பொண்ணா? நான் சொல்லாம எவ அதுல கை வைக்கச் சொன்னது? அவளை நான் சும்மா விடப் போறதில்ல.”

தகரம் அண்ணியைப் பார்த்தான். கேட்காத வரைக்கும் சொல்ல மாட்டேன் என்றவள், இப்போது கேட்டாயிற்று. ஊசி வாயைத் திறந்தாள். திறந்தவள், அந்தம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, அவன் அறிந்து முதல் முறையாக, சொல்ல வந்ததைச் சொல்லாமல் மூடிக்கொண்டாள்.

பேசியது அந்தம்மாதான். அன்றைக்கு அவர் பேசிய முதல் பேச்சு அது.

“அந்தப் பொண்ணை ஒண்ணும் சொல்லாதீங்க. அவகிட்ட போன் பண்ணிச் சொன்னது நம்ம பையன். அவன்கிட்ட சொன்னது நான்.” கைக்குட்டையை மேசைமேல் வைத்தார். “முகமா மட்டும் வரிசையா இருக்கேடா, உங்கப்பா தலைக்கு மேல நல்லதா ஒரு வார்த்தை போடச் சொல்லு, ஊர்லேருந்து வந்து பார்த்தா சந்தோஷப்படுவார்னு சொன்னேன். என்ன வார்த்தைம்மான்னு கேட்டான். அதையும் நான்தான் சொன்னேன்.”

முதலாளி மனைவியைப் பார்த்தார். திட்டுவதற்கு அவருக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை. இன்ஸ்பெக்டர் அவர் முழங்கையைப் பிடித்து எழுப்பியபோது எழுந்து போனார். கதவு வரைக்கும் திரையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

காப்பாற்றியாயிற்று என்று தகரம் மூச்சு விட்டான். காலையிலிருந்து ஓடிய ஓட்டம் இந்த ஒரு மனிதனின் தலையைக் காக்கத்தானே. மைத்துனர் நாற்காலியை விட்டு எழுந்து, மேசையைச் சுற்றி அக்காவிடம் வந்தார். கண்ணெல்லாம் தண்ணீர். “அக்கா” என்று கையை நீட்டினார்.

அந்தம்மா அந்தக் கையைப் பார்த்தார். சுவரில் அடுத்தடுத்து நின்ற இரண்டு முகங்களையும் பார்த்தார், சாம்பலான ஒன்றையும் நிறத்தோடு சிரிக்கிற ஒன்றையும். அவர் மனசுக்குள் என்ன எண்ணினார் என்று தகரத்துக்கு நன்றாகத் தெரிந்தது, தெரியாமலிருந்தால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

“நீ நல்லா இருடா” என்றார் அவர். “உயிரோட இரு. என் கண்ணுல மட்டும் படாதே.”

தம்பி நீட்டிய கையை மடக்கிக்கொண்டு வெளியே போனார்.